கன்ட்ரோலர் சிப் எரிந்த கீபோர்டு: சிப் மாற்றினால் ஓடுமா?

கேள்வி: 87 கீ மெக்கானிக்கல் கீபோர்டு. யூஎஸ்பி செருகினால் சிப் கை வைக்க முடியாமல் சுடுகிறது. கணினி கண்டுகொள்வதே இல்லை. அதே எண்ணுள்ள சிப் வாங்கிப் போட்டால் போதுமா?

பதில் 1: போதாது. புது சிப் வெறுமையாக வரும், ஃபர்ம்வேருக்கு (சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) எங்கே போவீர்கள்? பழையதைப் பெரும்பாலும் பூட்டியிருப்பார்கள். முதலில் சிப்பைக் கழற்றி, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (ஷார்ட் இருந்தால் பீப் அடிக்கும்) வையுங்கள். அப்போதும் பீப் அடித்தால் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள்.

பதில் 2: எரிந்த சிப்புக்குப் பதில் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு போடுங்கள். கீகளின் வயரிங் 6 வரிசை, 17 நெடுவரிசை என்றால் 23 பின் வேண்டும்; பிக்கோவில் 26 உண்டு. ப்ரோ மைக்ரோ என்ற இன்னொரு போர்டில் 18தான், பத்தாது. ஒயரைச் சிப் பேடில் (சிப் ஒட்டியிருந்த செம்புப் பட்டை) வைக்காதீர்கள், பிய்ந்து வரும். சுவிட்ச் கால், டையோடு காலில் சால்டர் செய்யுங்கள். க்யூஎம்கேயில் (பிக்கோவில் ஏற்றும் கீபோர்டு ஃபர்ம்வேர்) டையோடு திசை தப்பினால் ஒரு கீயும் அடிக்காது.

பதில் 3: ஆர்ஜிபி லைட்டை மட்டும் மறந்துவிடுங்கள். அதன் டிரைவருக்குத் தனி வயரிங், பெரிய தலைவலி.