மாத்திரைக்குக் கேட்காத நீர்க்கடுப்பு: எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நடந்தது

மன்னார்குடி, மருமகள்:

என் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரையும் உண்டு. நீர்க்கடுப்பு வந்தால் அத்தை முதலில் "உடம்புச் சூடு" என்பார். தொப்புளில் விளக்கெண்ணெய், வெந்தயத் தண்ணீர், நீர்மோர். அதற்கும் அடங்காவிட்டால் "அன்னைக்குக் குடுத்தீங்களே, அதே மாத்திரை" என்று கடைத்தெரு மெடிக்கலுக்கு ஆள் அனுப்பிவிடுவார். எரிச்சல் நின்றதும் மீதி அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும்.

இந்தத் தடவை மாத்திரைக்குக் கேட்கவில்லை. குளிர் நடுக்கம், விலாவில் வலி, பேச்சிலும் குழப்பம். என்னையே யாரென்று கேட்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்டது இதுதான்: "இந்த மூணு மாசத்துல என்னென்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்க? ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்களா? யூரின் டியூப் போட்டிருந்தாங்களா?" என் கணவர் கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவை மேஜையில் கொட்டினார். சளிக்கு வாங்கியது, பல்வலிக்கு வாங்கியது, எரிச்சலுக்கு வாங்கியது என்று எல்லாம் அரைகுறை அட்டைகள். செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் அதில் இருந்தன.

சிறுநீரில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் அந்த இரண்டுக்கும் நேராக 'ஆர்', அதாவது கேட்காது. கிருமி ஈ.கோலை, கீழே 'ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்'. நைட்ரோஃபியூரன்டாயின் என்ற மாத்திரைக்கு 'எஸ்', அதாவது கேட்கும் என்று போட்டிருந்ததால் மாத்திரையே போதாதா என்று கேட்டோம். அது சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றுக்குத்தான், சிறுநீரகம் வரை ஏறிய பிறகு உதவாது என்றார். மெரோபெனம் ஊசிதான் ஏறியது. அந்தப் போகம் நெல் விற்ற காசு அதிலேயே போயிற்று.

கும்பகோணம், ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்:

மேலே எழுதிய அம்மா சொன்ன டப்பாவில்தான் விஷயமே இருக்கிறது. நீர்ப்பாதைக்கு வரும் கிருமி பெரும்பாலும் நம் குடலில் இருப்பதுதான். சளிக்கென்று ஆன்டிபயாட்டிக் போட்டாலும் அது குடலுக்கும் போகும். களைக்கொல்லி அடித்த வயலில் சாகாத களை மட்டும் மிஞ்சுகிற மாதிரி, மருந்தைத் தாங்குகிற கிருமி அங்கே மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை தொற்று வந்தால் அதுதான் வரும். ஈஎஸ்பிஎல் என்பது அந்தக் கிருமி சுரக்கும் நொதி. பென்சிலின் வகையையும் செஃபலோஸ்போரின் வகையில் பெரும்பாலானவற்றையும் உடைத்துப்போடும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்ச்சருக்கு முதல் டோஸ் மருந்துக்கு முன்பே சாம்பிள் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். காலையில் எடுத்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பஸ் மாறி மத்தியானம் வந்து நீட்டுவார்கள். வெயிலில் அதற்குள் கிருமி பெருகியிருக்கும், ரிப்போர்ட்டை நம்ப முடியாது. 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும். அதற்குள் எந்த மருந்தைத் தொடங்குவது என்று டாக்டர் முடிவு செய்ய, பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் பெரிய உதவி. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி, மகன்:

அப்பாவுக்கு புராஸ்டேட் வீக்கம், நீர் முழுசாக இறங்காது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது டியூப் போட்டார்கள். அதோடேயே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். எப்போது எடுப்பது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே வேண்டாம். பார்த்துக்கொள்ள வந்த ஆள் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் பையைக் கட்டில் மேலே தூக்கி வைத்துவிடுவார். பை இடுப்புக்கு மேலே போனால் பைக்குப் போன நீர் உள்ளே திரும்பும். காய்ச்சல் வந்து பார்த்தால் கிளெப்சியெல்லா என்ற கிருமி, ஏகப்பட்ட மருந்துக்கு 'ஆர்'.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு கூடும், குழாய்ச் சுவரில் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து உள்ளே இறங்காது என்று இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் விளக்கினார். வயது, ஆஸ்பத்திரிவாசம், டியூப், புராஸ்டேட், ஏற்கெனவே போட்ட ஊசிகள் என்று அப்பாவுக்கு எல்லாமே ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. டியூப் போட்டு அனுப்பினால் "இதை எப்ப எடுக்கணும்?" என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மயிலாடுதுறை, மெடிக்கல் ஷாப்:

சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கிறோம் என்று எங்களைத் திட்டுகிறீர்கள், சரி. செஃபிக்சிம் போன்றவை 2014 முதல் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு வாங்கி, தனி ரெஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி, அந்த ரெஜிஸ்டரை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதும் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று சொல்லத்தான். சீட்டு கேட்டால் "எங்கப்பாவுக்கு எப்பவும் இதுதான்யா" என்று கோபப்பட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.

பாபநாசம், மகள்:

எங்கள் வீட்டில் தலைகீழ். அம்மாவுக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மாஸ்டர் செக்கப்பில் யூரினில் பாக்டீரியா என்று வந்ததும் பதறி ஓடினோம். வயதான பெண்களுக்குத் தொந்தரவே இல்லாமல் இப்படிக் கிருமி இருப்பது சகஜம், இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஃபீஸ் வாங்கிட்டு ஒரு மாத்திரை எழுதல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.