தெருவில் தேவராஜ்யம்: எங்கே தொடங்குவது?

கேள்வி:
ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் ஐக்கியத்தைக் கவனிக்கிறேன். பரமண்டலத்தில் நடப்பது பூமியிலும் நடக்க வேண்டும் என்று வாராவாரம் ஜெபிக்கிறோம். ஆலயச் சுவருக்கு வெளியே, எங்கள் தெருவிலும் அது தெரிய வேண்டும் என்று மனசு தவிக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில் 1:
தம்பி, கைப்பிடி அரிசியில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார். மிச்சம் மீதியைக் கொடுப்பதல்ல இது, முதல் பிடி. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இந்த வழக்கம் உண்டு. ஊழியத்துக்குப் பெரிய தாங்கல் அது. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தார் அந்த அரிசியைத் தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்பதில்லை. கொடுத்ததும் கிளம்பிவிடக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, ரேஷன் கார்டு சிக்கல் ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

பதில் 2:
சிறிதாகத் தொடங்கத் தயங்க வேண்டாம். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி).

பதில் 3:
கைப்பிடி அரிசி பற்றி முதலில் பதில் எழுதிய அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் நம் சபைகளிலேயே சாதி பார்த்துப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசி கொண்டுபோகும் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காருங்கள். அப்புறம் அவர்களையும் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை குருவானவர் ஐயரவர்களிடம் பேசுகிறேன்.