மறுமொழி: ‘குழியவுரு ஒவ்வாமை’ வேண்டாம், ‘கருவிணங்காமை’ சரிப்படுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் டிங்கி கையேட்டில், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் கொசுக்களைக் கொண்டு டிங்கியைக் குறைப்பது பற்றிய பகுதியில் ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது: சைட்டோபிளாஸ்மிக் இன்கம்பேட்டிபிலிட்டி (cytoplasmic incompatibility), அதாவது வோல்பாக்கியாவால் சில இணைகளின் முட்டை பொரியாமல் போவது. பினாங்கு ஆசிரியை ‘குழியவுரு ஒவ்வாமை’ என்றார். சிரம்பான் ஐயா ‘பொரியா முட்டை விளைவு’ போதும் என்றார். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா. தாயின் முட்டை வழியாகத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். அதைச் சுமக்கும் ஆண் கொசு, சுமக்காத பெண்ணோடு சேரும்போது விந்தணு முட்டைக்குள் நுழைவதில் தடை எதுவும் இல்லை. கரு முதன்முதலாகப் பிரியும்போதுதான் சிக்கல். தாயின் குரோமோசோம்கள் ஒழுங்காகத் திரண்டு பிரிகின்றன. தந்தையுடையவை சரியாகத் திரளாமல் பின்தங்கிவிடுகின்றன. கரு அங்கேயே அழிய, முட்டை கூமுட்டையாகிறது. பெண்ணிடமும் அதே வோல்பாக்கியா இருந்தால், முட்டையிலுள்ள பாக்டீரியா அந்தக் கோளாறைச் சரிசெய்துவிடும். ஆக, வோல்பாக்கியா உள்ள பெண், அதே வகை உள்ள ஆணோடு சேர்ந்தாலும் இல்லாத ஆணோடு சேர்ந்தாலும் அதன் வம்சம் தழைக்கும். இல்லாத பெண்ணுக்குத்தான் இழப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வட்டாரக் கொசுக்களிடையே வோல்பாக்கியா பரவுவது இதனால்தான். அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவின் உடலில் டிங்கி வைரஸ் எளிதில் பெருகாது.

இனி ‘ஒவ்வாமை’. இறால் ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை என்று எல்லார் வாயிலும் புழங்கும் சொல் அது. டிங்கியைக் குறைக்க மலேசியாவின் சிலாங்கூரில் வோல்பாக்கியா சுமக்கும் கொசுக்களை வெளியே விட்டபோது, ஆணோடு பெண் கொசுவையும் சேர்த்தே விட்டார்கள். பெண் கொசு கடிக்கும். “கடிக்கிற கொசுவையா கொண்டாந்து விடுறாங்க?” என்று எங்கள் செதாபாக் அடுக்குமாடியில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கையில் ‘ஒவ்வாமை’ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால், கடித்த இடம் தடித்துப்போகுமோ என்றுதான் பயப்படுவார்.

‘குழியவுரு’ என்பது சைட்டோபிளாசம், அதாவது உயிரணுவில் உட்கருவைச் சூழ்ந்த பகுதி; இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய நல்ல சொல். நம் பிள்ளைகளோ இடைநிலைப்பள்ளியில் மலாயில் ‘சித்தோபிளாஸ்மா’ என்று படிக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1950களில் ஆய்வாளர் ஹான்ஸ் லாவென் கியூலெக்ஸ் கொசுக்களை இணைசேர்த்துப் பார்த்தபோது, இந்தப் பண்பு தாயின் சைட்டோபிளாசம் வழியே வருவது மட்டுமே தெரிந்தது. காரணம் வோல்பாக்கியா என்ற கருத்தை யென் (Yen), பார் (Barr) என்ற ஆய்வாளர்கள் 1971இல்தான் முன்வைத்தார்கள். காரணம் தெரியாத காலத்தில் வைத்த பெயரைத் தமிழிலும் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன்.

‘பொரியா முட்டை’ எளிமையானதுதான், ஆனால் விளைவை மட்டுமே சொல்கிறது. ஆண் சேராத முட்டையும் பொரியாது. இங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு அல்லவா இணக்கம் கெடுகிறது?

அதனால் ‘கருவிணங்காமை’ என்று முன்வைக்கிறேன். இதிலிருந்து மற்ற சொற்களும் சிரமமில்லாமல் கிளைக்கின்றன: முட்டை பொரிக்கும் சோடி ‘இணங்கும் இணை’, பொரிக்காதது ‘இணங்கா இணை’. மேலே சொன்ன வகை ‘ஒருவழிக் கருவிணங்காமை’. ஆணும் பெண்ணும் வெவ்வேறு வகை வோல்பாக்கியாவைச் சுமப்பதால் இரண்டு பக்கமும் முட்டை பொரிக்காமல் போனால் ‘இருவழிக் கருவிணங்காமை’. முட்டையிலுள்ள பாக்டீரியா காப்பாற்றுவதைக் ‘கருமீட்பு’ எனலாம். இலங்கை வழக்கில் ‘கரு’ உயிரணுவின் உட்கருவையும் குறிக்குமே என்று கேட்பீர்கள். அப்படிப் படித்தாலும் பிழையில்லை. தந்தையின் உட்கருப் பொருளில்தானே கோளாறு.

கையேட்டில் முடிவுகளையும் சேர்க்க வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் பஹாங்கில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தார் பங்கெடுத்த சிலாங்கூர் ஆய்வு 2019இல் வெளியானது. கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. நம் வெயிலைத் தாங்கும் வோல்பாக்கியா வகையைத் தேர்ந்தெடுத்தது அதன் சிறப்பு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேறொரு வகையைக் கொண்டு நடந்த ஆய்வில் 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள்.

அப்புறம், சிங்கப்பூரில் ஆண் கொசுவை மட்டும் விட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். இங்கே ஆண், பெண் இரண்டையும் விட்டுக் கொசுக்கூட்டத்தையே மாற்றுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை கருவிணங்காமைதான். முன்னதற்குக் ‘கொசு ஒடுக்கம்’, பின்னதற்குக் ‘கொசு மாற்றீடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘மாற்றீடு’ கொஞ்சம் இடறுகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.