சுயாதீன இசை மிக்ஸ்: கோப்பாகப் பகிரலாமா, பட்டியலாக மட்டும் தரவேண்டுமா?

அலைவரிசை

பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசைக்கலைஞர்களின் பாடல்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒரு மிக்ஸ் செய்து முடித்திருக்கிறேன். 90 நிமிடக் கேசட்டின் கணக்கிலேயே, பக்கத்துக்கு 45 நிமிடமாக இரண்டு பக்கங்கள் அமைத்தேன். பாடல்கள் அனைத்தும் நான் காசு கொடுத்து வாங்கியவை. பெரும்பாலும் பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞர்களிடமிருந்தே வாங்கியவை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒலிக்கோப்புகள், பாடல் பட்டியல், ஒவ்வொரு கலைஞரின் பக்கத்துக்கும் இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்து, எவரும் இறக்கிக்கொள்ளும்படி இந்த மன்றத்தில் வைக்க விரும்புகிறேன். ஆனால் ஸ்ட்ரீமிங் தளத்தில் ப்ளேலிஸ்ட் போட்டு லிங்க் கொடுப்பதே முறை, கோப்பைக் கொடுப்பது கலைஞரின் வயிற்றில் அடிப்பது என்று இங்குள்ள சிலர் கருதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

காரணத்துக்கு ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். முதல் பக்கத்தின் நடுவில், பியானோவும் குரலும் மட்டுமே உள்ள ஒரு பாட்டு முடிகிறது. கடைசிச் சுரம் அடங்கிய பிறகும், வாசித்தவர் பெடலிலிருந்து காலை எடுக்கும் மெல்லிய மரச்சத்தம் பதிவில் கேட்கிறது. அடுத்த பாட்டு அதே சுருதியில், தாளம் ஏதுமின்றி, ஒருவர் மூச்சை இழுக்கும் ஓசையோடு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று விநாடி மௌனம் விட்டால் அவை தனித்தனிப் பாட்டுகள். அரை விநாடி விட்டால், ஒருவர் எழுந்து போன இருக்கையில் இன்னொருவர் வந்தமர்ந்து பாட்டைத் தொடர்வது போலிருக்கிறது. அந்த அரை விநாடியைக் கண்டுபிடிக்கத்தான் நான் அத்தனை முறை கேட்டேன். ப்ளேலிஸ்டில் அதை வைக்க வழியில்லை. கேட்பவர் ஷஃபிளை அழுத்தினால் வரிசையும் போய்விடும். பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு அதை என் மிக்ஸ் என்று நான் எப்படிச் சொல்வது?

கம்பியும்குரலும்

வீட்டு அறையிலேயே பதிவுசெய்து பாடல்கள் வெளியிடுகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். நண்பர் அலைவரிசையின் காதைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. பெடல் சத்தத்தைக் கவனிக்கிற ஒருவர் என் பாட்டைக் கேட்டால் நான் மகிழ்வேன். ஆனாலும் அவர் செய்யவிருப்பது தவறு என்றே சொல்வேன்.

நீங்கள் வாங்கியது கேட்கும் உரிமையை. பிறருக்குப் படியெடுத்து வழங்கும் உரிமை அந்த விலையில் அடங்காது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப்பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞரிடம் சேர்க்கிறது. எங்களுக்கு இருக்கிற வருமான வழிகளில் ஓரளவு நேர்மையானது அதுதான். முழுப்பாட்டும் நல்ல தரத்தில் கைக்கு வந்த பிறகு, பட்டியலின் அடியில் இருக்கும் இணைப்பை அழுத்தி எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்? கொடுப்பவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தை என் பாட்டை வைத்து ஆடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியது நான்.

பழையநாடா

இந்தக் கவலை புதிதல்ல. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ‘வீட்டில் பதிவெடுப்பது இசையைக் கொல்கிறது’ என்று ஓர் இயக்கமே நடத்தியது. கேசட்டையே மண்டையோடாக வரைந்து, கீழே இரண்டு எலும்புகளைப் போட்டிருந்தார்கள். இசை சாகவில்லை. சுயாதீன இசை பரவியதே கேசட்டின் முதுகில் ஏறித்தான். 1986-இல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் 22 குழுக்களின் 22 பாடல்களைத் தொகுத்து சி86 என்ற கேசட்டைத் தபாலில் அனுப்பியது. அதிலிருந்த பல குழுக்களை அதற்கு முன் பெரிதாக யாருக்கும் தெரியாது. பின்னாளில் ஒரு பாணிக்கே அந்தக் கேசட்டின் பெயர் நிலைத்துவிட்டது. யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, கையில் கொடுத்ததால் நடந்தது அது. அறியப்படாமல் போவதுதான் சிறிய கலைஞருக்கு நேரும் பெரிய இழப்பு. படியெடுக்கப்படுவது அதற்கு அடுத்துத்தான் வரும்.

கம்பியும்குரலும்

சி86 உங்கள் வாதத்துக்கு உதவாது. அது இசை நிறுவனங்களும் குழுக்களும் அறிந்து, உடன்பட்டு, ஓர் இதழ் விலைக்குத் தந்த தொகுப்பு. யாரும் யாருடைய பாட்டையும் கேட்காமல் எடுத்துவிடவில்லை.

நண்பருக்குப் பதிவெடுத்துக் கொடுத்த கேசட்டும் இந்தக் கோப்பும் ஒன்றல்ல. 90 நிமிடக் கேசட்டைச் சாதாரண ரெக்கார்டரில் படியெடுக்க 90 நிமிடம் ஆகும். படியின் படியில் இரைச்சல் கூடும். மூன்றாவது, நான்காவது தலைமுறைக்குள் குரலின் மேல்ஒலிகள் மங்கிவிடும். ஆகவே எவ்வளவு தாராள மனமுள்ளவரும் ஒரு கையளவு பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது. கேட்டவருக்கும் நல்ல ஒலி வேண்டுமென்றால் இசைத்தட்டை வாங்கவேண்டியிருந்தது. அந்தப் பொருளே ஓர் எல்லையைப் போட்டு வைத்திருந்தது. கோப்புக்கு அந்த எல்லை இல்லை. எல்லையை மனிதர்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

உரைகல்

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி 1965-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுப்பதை அனுமதித்து, ஈடாகப் பதிவுக் கருவிகளின் மீது தீர்வை விதித்தது. பிரிட்டன் 2014-இல் அத்தகைய ஒரு விலக்கைக் கொண்டுவந்தது. கலைஞர்களுக்கு ஈடு எதுவும் வைக்கவில்லை என்ற வழக்கில் 2015-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆனால் தனக்கென்று படியெடுக்க இடம் கொடுக்கும் சட்டங்கள், முன்பின் அறியாதவர்கள் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைப்பதற்கும் இடம் கொடுப்பதில்லை.

மிக்ஸ் பகிர்வதற்கென்றே வந்த தளங்களின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. மக்ஸ்டேப் 2008 மார்ச்சில் தொடங்கி, அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கத்துடன் ஏற்பட்ட சிக்கலால் அதே ஆகஸ்டில் மூடப்பட்டது. 8டிராக்ஸ் உரிமக் கட்டணம் செலுத்தி நடந்தது. அதனால்தான் ஒரே கலைஞரின் பாடல்கள் ஒரு மிக்ஸில் இரண்டுக்கு மேல் கூடாது, அடுத்து வரும் பாட்டைக் கேட்பவருக்கு முன்கூட்டிக் காட்டக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. அதுவும் 2019 இறுதியில் நின்று, பிறகு கைமாறித்தான் மீண்டது.

அலைவரிசை

சட்டத்தை மறுக்கவில்லை. நியாயத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். ப்ளேலிஸ்ட் போட்டால் கலைஞருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலான ஸ்ட்ரீமிங் தளங்களில் சந்தாப் பணம் ஒரே குவியலாகச் சேர்ந்து, மொத்தக் கேட்பு எண்ணிக்கையின் விகிதத்தில் பிரிகிறது. நான் மாதம் முழுவதும் மூன்று சிறிய கலைஞர்களை மட்டுமே கேட்டாலும், என் சந்தாவின் பெரும்பகுதி நான் கேட்டே இராத பெரிய பெயர்களுக்குத்தான் போகும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதங்களில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே தருவதில்லை. என் மிக்ஸில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பாடல்கள் பல. இன்னும் சில எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லாதவை. இந்தக் கலைஞர்களிடம் போய், உங்களுக்கு எதுவும் தராத ஒரு தளத்தில் உங்கள் பாட்டை வரிசைப்படுத்தியிருக்கிறேன், அதனால் நான் நேர்மையானவன் என்று சொல்வதில் எனக்கு மனநிறைவு இல்லை.

ஒலிமானி

இதுவரை யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. அலைவரிசை, பாடல்களின் ஒலியை என்ன செய்தீர்கள்?

இதைக் கேட்கக் காரணம், சுயாதீனப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும்போது ஒலியளவுதான் முதல் தலைவலி. ஒருவர் படுக்கையறையில் ஒற்றை மைக்கில் மெதுவாகப் பாடியிருப்பார். அடுத்தவர் ஸ்டூடியோவில் மாஸ்டரிங் செய்து முட்டும் அளவுக்கு உயர்த்தியிருப்பார். ஸ்ட்ரீமிங் தளங்கள் இதை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) போன்ற ஒரு சராசரி அளவுக்குத் தாமே சமன்செய்து தருகின்றன. மிக்ஸ் செய்பவர்களில் பலர், மெல்லிய பாட்டை, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கும் கம்ப்ரெஸ்ஸரில் போட்டு உரத்த பாட்டின் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதலில் கெடுவது நீங்கள் சொன்ன பெடல் சத்தமும் மூச்சும்தான். அவை இசைக்கு அடியில் கிடக்கவேண்டிய இடத்தை விட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சரியான வழி, உரத்த பாடல்களை இறக்குவது. மொத்தக் கோப்பும் சற்று மெதுவாக ஒலிக்கும். கேட்பவர் வால்யூமைக் கூட்டிக்கொள்ளட்டும்.

அலைவரிசை

உரத்தவற்றைத்தான் இறக்கினேன்; கம்ப்ரெஸ்ஸரைத் தொடவில்லை. இரண்டு பாடல்களில் மட்டும் கை வைத்தேன். ஒன்றில் முடிவிலிருந்த கைதட்டலை மங்கச் செய்தேன். இன்னொன்றில், தொடக்கத்தில் வரும் நீண்ட மழை ஓசையைப் பாதியாகக் குறைத்தேன். முந்தைய பாட்டின் முடிவோடு அது ஒட்டவில்லை.

கம்பியும்குரலும்

அந்த மழை ஓசையைப் பதிவுசெய்தவர் எதற்காக அவ்வளவு நேரம் வைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் என் பாட்டில் வைத்த ஓர் அமைதியை ஒருவர் நறுக்கியிருந்தால், காசு இழந்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கும். உங்கள் அரை விநாடியை ப்ளேலிஸ்ட் கலைத்துவிடும் என்று அவ்வளவு வருந்துகிறீர்கள். மற்றவர் தேர்ந்த விநாடிகளுக்கும் அதே மதிப்பைக் கொடுங்கள்.

இத்தனை வாதமும் தேவையில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பாட்டாக இருந்தால், உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆர்வமே வற்றிவிடும்: ஒலிப்பதிவின் உரிமை ஓரிடம், பாடல் எழுதியவரின் உரிமை வேறிடம், பிரதேச உரிமம் மூன்றாவது இடம். எங்கள் விஷயம் அப்படியல்ல. பாட்டை எழுதியவர், பாடியவர், பதிவுசெய்தவர், உரிமை வைத்திருப்பவர், மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதுகிறவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். முகவரி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்க முடியாத இடத்தில் கேட்காமல் செய்வதை ஓரளவு புரிந்துகொள்ளலாம். நான்கு வரி எழுதினால் பதில் கிடைக்கும் இடத்தில் கேட்காமல் எடுப்பதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

பழையநாடா

நல்ல வாதம்தான், ஆனால் மிக்ஸ் என்பதன் உயிரை அது எடுத்துவிடும். ஒருவருக்கு இந்த வரிசை பிடிக்கும் என்று தோன்றிய இரவிலேயே செய்து மறுநாள் கொடுப்பது மிக்ஸ். இருபது பேரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் அது ஒரு வெளியீட்டு வேலை ஆகிவிடுகிறது. பாதிப்பேர் பதிலே எழுத மாட்டார்கள். சிலர் இசையையே விட்டுவிட்டு, அந்த மின்னஞ்சலைத் திறப்பதையும் நிறுத்தியிருப்பார்கள். பதில் வராத பாட்டை எடுத்துவிட்டால், மறக்கப்பட்டவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள். யாரை மீட்பதற்காக இந்த வேலையில் இறங்கினோமோ அவர்களே.

கம்பியும்குரலும்

ஒருவருக்காகச் செய்து அந்த ஒருவரிடம் கொடுப்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அப்படி என் பாட்டு ஒரு மிக்ஸில் போயிருக்கிறது என்று தெரிந்தால் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருப்பேன். இங்கே வைக்கப்போவது முகம் தெரியாத எவரும் எடுத்துக்கொள்ளும் கோப்பு. அந்த நிமிடமே அது வெளியீடுதான். வெளியீட்டுக்கு உரிய காத்திருப்பும் அதற்கு வேண்டும்.

அலைவரிசை

எழுதிக் கேட்கிறேன். மழை ஓசையை முழு நீளத்துக்கு மீட்டுவிட்டு, முந்தைய பாட்டை வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்க்கிறேன். கடிதத்தில், கோப்பு விலையின்றி இருக்கும், ஒலித்தரம் வாங்கும் கோப்பைவிடக் குறைவாக இருக்கும், வேண்டாமென்று எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்று எழுதப்போகிறேன். மறுத்தவரின் பாட்டு இருக்காது. ஆனால் பதிலே வராத பாடல்களைப் பொறுத்தவரை நான் பழையநாடாவின் பக்கம்தான்: நியாயமான காலம் காத்திருந்துவிட்டு, அவற்றை வைத்துக்கொள்வேன்.

ஒலிமானி

ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நிமிடத்தையும் விநாடியையும் கலைஞர் பெயரோடு கோப்புக்குள்ளேயே அத்தியாயக் குறிகளாகப் பதித்துவிடுங்கள். பட்டியலைத் தனியாக வைத்தால், கோப்பு கைமாறும்போது அது தொலைந்துவிடும். யார் பாடியது என்று தெரியாத பாட்டால் பாடியவருக்கு ஒரு பயனும் இல்லை.

கம்பியும்குரலும்

பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதை நான் இப்போதும் ஏற்கவில்லை. அவர்களின் பாட்டைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று பட்டியலில் எழுதி இணைப்பைக் கொடுங்கள். கேட்க விரும்புகிறவர் போய்க் கேட்பார். இதில் நாம் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. கடிதத்தில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாட்டுக்கு முன்னால் யார் வருகிறார், பின்னால் யார் வருகிறார் என்பதை. எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், விலையைப் பற்றிய வரிக்கு முன்னால் நான் தேடுவது அதைத்தான்.