மவுண்ட் கென்யா டிரெக் + ஓல் பெஜெட்டா: இந்த பிளான் சரியா? சென்னையிலிருந்து போனவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி_வாசி:

வணக்கம். ஆபீஸில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆப்பிரிக்காவில் ஒரு மலை ஏறுவது என்று முடிவாகியிருக்கிறது. முதலில் கிளிமஞ்சாரோ என்றுதான் பேச்சு ஓடியது, கொட்டேஷன் வந்ததும் எல்லாரும் கொஞ்சம் நேரம் அமைதியாகி, அப்புறம் மவுண்ட் கென்யா என்று மாறிவிட்டோம். ஜனவரி கடைசியில் போவதாக எண்ணம்.

ஒரு டிரெக்கிங் ஏஜென்சி அனுப்பிய பிளான் இது. நைரோபியிலிருந்து வண்டியில் நன்யுக்கி, அங்கிருந்து பார்க் நுழைவாயிலான சிரிமோன் கேட். முதல் ராத்திரி ஓல்ட் மோசஸ் கேம்ப், இரண்டாம் ராத்திரி ஷிப்டன்ஸ் கேம்ப். அன்று ராத்திரி இரண்டரை மணிக்கே எழுந்து கிளம்பி, விடியும் நேரம் பாயிண்ட் லெனானா உச்சி. அப்படியே சோகோரியா பக்கம் இறங்கி, நான்காம் நாள் வெளியே. மறுநாள் ஓல் பெஜெட்டா என்ற வனவிலங்குக் காப்பகத்தில் அரை நாள் "வனப் பாதுகாப்பு அனுபவம்". கைடு, சமையல்காரர், போர்ட்டர், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்கு சேலஞ்ச் என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள், முடித்தால் சர்டிபிகேட் உண்டாம்.

என் நிலவரம்: வயது 41, பெசன்ட் நகர் பீச்சில் காலை நடை உண்டு, சுகர் பிரஷர் இல்லை, முட்டி இதுவரை தொல்லை கொடுத்ததில்லை. இதுவரை நின்ற அதிகபட்ச உயரம் தொட்டபெட்டா, அதுவும் காரில் போய் இறங்கி பஜ்ஜி சாப்பிட்டதுதான். லெனானா 4985 மீட்டர் என்கிறார்கள். இந்த நாள் கணக்கு போதுமா, மேடு என்று சொல்ல மேம்பாலம் மட்டுமே இருக்கிற ஊரில் எப்படித் தயாராவது, கடைசி நாள் ஓல் பெஜெட்டா உருப்படியான விஷயமா அல்லது போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கா? சைவம், ஆனால் முட்டை ஓகே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கிறுக்கன்:

சார், மற்றதெல்லாம் அப்புறம், நாள் கணக்குதான் இதில் முக்கியம். சிரிமோன் கேட் சுமார் 2650 மீட்டர், ஓல்ட் மோசஸ் 3300, ஷிப்டன்ஸ் 4200. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போன பிறகு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பதுதான் மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி. உங்கள் ஏஜென்சி ஒரே நாளில் 900 கூட்டி, தூங்கியும் தூங்காமலும் இருக்கும்போதே எழுப்பி இன்னும் 785 மீட்டர் ஏறச் சொல்கிறது. கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய சென்னை உடம்பு இது. உச்சியில் இங்கே கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். கிளிமஞ்சாரோவைவிட உயரம் குறைவுதானே என்று எல்லாரும் நினைத்து இப்படி நாளைக் குறைத்துக்கொண்டு போவதால்தான் இந்த மலையில் தலைவலியும் வாந்தியுமாகப் பாதியில் திரும்புகிறவர்கள் அதிகம்.

ஷிப்டன்ஸில் கூடுதலாக ஒரு ராத்திரி கேளுங்கள். அந்தப் பகலில் சும்மா படுத்திருக்காமல் ஹவுஸ்பர்க் கணவாய் வரை மெதுவாக ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பழைய இடத்துக்கே இறங்கித் தூங்க வேண்டும். அல்லது ஓல்ட் மோசஸுக்கும் ஷிப்டன்ஸுக்கும் நடுவில் லிக்கி நார்த் என்ற கேம்ப் இருக்கிறது, கிட்டத்தட்ட 4000 மீட்டர், அங்கே ஒரு ராத்திரி போடலாம். இரண்டும் முடிந்தால் பிரமாதம். ஒரு நாள் கூடினால் பார்க் கட்டணமும் ஆட்களின் கூலியும் கூடும், அவ்வளவுதான். சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசில் ஒரு நாளைக் கூட்டச் சொல்லுங்கள் (சும்மா சொன்னேன், சர்டிபிகேட் காகிதத்துக்கு என்ன காசு).

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய இன்னொன்று: உச்சி ஏறும் ராத்திரி எத்தனை கைடு வருவார்கள்? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு ஒரு கைடு உடனே இறங்க வேண்டும், மிச்சப் பேர் ஏற இன்னொருவர் வேண்டும். ஐந்தாறு பேருக்கு ஒரே கைடு என்றால் ஒருவருடைய தலைவலி எல்லாரையும் கீழே இறக்கும், அல்லது அதைவிட மோசமாக, அந்த ஒருவர் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். போர்ட்டர் ஆளுக்கு எத்தனை கிலோ தூக்குகிறார், மூட்டையை எடை போடுகிறார்களா, ராத்திரி அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஏஜென்சி பாருங்கள்.

ஷிப்டன்ஸ் அற்புதமான இடம், அங்கே ஒரு நாள் கூடுவதை வீண் என்று நினைக்காதீர்கள். பாட்டியன், நெலியன் இரண்டு கற்கோபுரங்களும் தலைக்கு மேல் நிற்கும் (பாட்டியன்தான் நிஜமான உச்சி, 5199 மீட்டர், அது கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு, நமக்கு இல்லை). சுற்றி ஆள் உயரத்துக்கும் மேல் ராட்சச செனிசியோ செடிகள், பக்கத்திலேயே முட்டைக்கோசு மாதிரி தரையோடு இருக்கும் இன்னொரு வகை, ராத்திரியானதும் இலைகளை மூடி நடுக்குருத்தைப் பனியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளும். லொபீலியா என்ற செடியின் இலையடுக்கில் தேங்கிய தண்ணீர் காலையில் மேலே மட்டும் உறைந்து கண்ணாடித் தகடாக இருக்கும், விரலால் தட்டினால் உடையும். ஹைராக்ஸ் என்று ஒரு பிராணி வரும், முயல் அளவு, வால் கிடையாது, யானைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினால் போச்சு.

உச்சி ராத்திரி மைனஸ் ஐந்து, பத்து வரை போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள், மேல்பக்கம்தான் முதலில் உறையும், மூடிப் பக்கம் குடிக்கக் கிடைக்கும். பிறகு இறக்கம். சோகோரியா பக்கம் மைக்கேல்சன் ஏரிக்கு மேலே பள்ளத்தாக்கை ஒட்டி இறங்குவது இந்த மலையிலேயே அழகான வழி, ஆனால் சோகோரியா கேட் வரை அன்றைக்கே இறக்கினால் ஒரே நாளில் 2000 மீட்டர் இறக்கம். முட்டி தொல்லை கொடுத்ததில்லை என்பதை அன்று சாயங்காலம் சொல்லுங்கள் பார்ப்போம்.

சும்மா_ஒரு_கேள்வி:

தப்பா நினைக்காதீங்க பாஸ், இவ்வளவு செலவு பண்ணி அங்கே போகணுமா? நம்ம வனத்துறையே 2024-ல் டிரெக் தமிழ்நாடு என்று 40 வழிகள் திறந்துவிட்டிருக்கு, ஆன்லைனில் புக் பண்ணினால் உள்ளூர் பழங்குடி இளைஞர்களே கைடாக வருகிறார்கள். வரையாடு நம்ம மாநில விலங்கு, அதை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கோம்? தொட்டபெட்டாவில் பஜ்ஜி சாப்பிட்டவர் நேரே ஐயாயிரம் மீட்டருக்குப் போறேன் என்கிறார்.

வேளச்சேரி_வாசி:

நியாயமான கேள்விதான். அதற்கு முன்னாடி இங்கே இரண்டு மூன்று வழிகளில் போவதாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஆபீஸ் கும்பலில் பாதிப் பேர் "கென்யா என்றால் வருகிறேன்" ரகம், என்ன செய்ய.

குரோம்பேட்டை_படிக்கட்டு:

பயிற்சி பற்றி. பீச் நடை நல்லதுதான், ஆனால் இதற்கு உதவாது. தரையில் நடப்பதும் மேட்டில் ஏறுவதும் வேறு வேறு தசை வேலை. உங்கள் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது, காலை ஐந்தரைக்குப் போனால் வெயிலுக்கு முன்னால் படிக்கட்டில் பல தடவை ஏறி இறங்கலாம். அபார்ட்மென்ட் மாடிப்படியும் போதும், வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வார இறுதியில் சோளிங்கர் யோக நரசிம்மர் மலை, 1305 படிகள், இப்போது ரோப்கார் வந்துவிட்டது, அதில் ஏறினால் கணக்கில் வராது. திருப்பதி அலிபிரி வழி 3550 படிகள், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. கொஞ்சம் பழகிய பிறகு போளூர் பக்கம் பர்வதமலை.

முதுகில் ஆறேழு கிலோ பையோடு போங்கள். வாட்டர் கேன் போட்டுக்கொண்டால் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம் என்று ஒரு யோசனை எல்லாரும் சொல்வார்கள், கொட்டாதீர்கள். இறங்கும்போதும் பாரம் இருக்க வேண்டும், தொடைக்கு அடி விழுவதே இறக்கத்தில்தான். ஷூவை இப்போதே வாங்கி அதைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எவ்வளவு பயிற்சி செய்தாலும் உயரம் யாரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, மாரத்தான் ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிப் போய் முதலில் விழுவார்கள். மேலே சொன்ன கூடுதல் நாளுக்குப் பயிற்சி பதிலாகாது.

பல்லாவரம்_பறவை:

ஓல் பெஜெட்டா பற்றி நான் சொல்கிறேன். போட்டோவுக்கான இடம் இல்லை, ஆனால் அரை நாளில் போனால் நீங்களே அதை அப்படி ஆக்கிவிடுவீர்கள்.

உலகத்தில் மிச்சமிருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் இரண்டே இரண்டு, நஜின், ஃபாட்டு. அம்மாவும் பெண்ணும். 2009 டிசம்பரில் செக் நாட்டு மிருகக்காட்சி சாலையிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் இறந்துபோனது. இரண்டு பெண்களுமே இனி கரு சுமக்க முடியாது, நஜினுக்குப் பின்னங்கால் பலவீனம், ஃபாட்டுவுக்குக் கர்ப்பப்பையில் கோளாறு. ஃபாட்டுவின் கருமுட்டையை எடுத்து, முன்பே உறைய வைத்திருந்த விந்தணுவோடு ஆய்வுக்கூடத்தில் சேர்த்து, கருவைத் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்ப்பதுதான் திட்டம். இந்த முறையில் கரு தங்கும் என்பதைத் தெற்கு வகைக் கருவை வைத்து நிரூபித்துவிட்டதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டு போய், துப்பாக்கிக் காவலோடு அந்த இரண்டும் புல் மேய்வதைப் பார்ப்பது வேறு அனுபவம். அவற்றைப் பார்க்கத் தனியாகக் கட்டணமும் நேரமும் உண்டு, உங்கள் அரை நாள் பிளானில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல பிளான்களில் வண்டியில் ஒரு சுற்று மட்டும்தான்.

சிம்பன்சி காப்பகமும் உள்ளேயே இருக்கிறது, 1993-ல் தொடங்கியது. கென்யாவின் காட்டில் சிம்பன்சி இயற்கையாகக் கிடையாது, எல்லாம் வேறு நாடுகளில் கூண்டிலிருந்தும் கடத்தல்காரர்களிடமிருந்தும் மீட்டு வந்தவை. இன்னொரு பக்கம் வேட்டையில் செத்த காண்டாமிருகங்களுக்கு ஒரு மரத்தடியில் கல் நட்டு, எது எப்போது எப்படிச் செத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிரைவர் நிறுத்தாமல் போவார், நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது மாடுகள். சிரிக்காதீர்கள். அது முன்பு மாட்டுப் பண்ணை, இப்போதும் போரான் என்ற இன மாடுகளைக் காட்டு விலங்குகளுக்கு நடுவிலேயே மேய்க்கிறார்கள். ராத்திரி சிங்கம் வராதபடி அடைக்கும் பட்டியை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், நம் ஊரில் வயலில் கிடை போடுவதைப் போலத்தான். பட்டி இருந்த இடத்தில் சாணத்தால் நல்ல புல் முளைக்கும், அப்புறம் மான்களும் வரிக்குதிரையும் அந்தப் புல்லைத் தேடி வரும். இங்கே காட்டில் மாடு மேயலாமா கூடாதா என்று கோர்ட் வரை சண்டை நடக்கிறது, அங்கே அதையே நிர்வாகமாகச் செய்கிறார்கள். நம் காட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை, பார்த்து யோசிக்க வேண்டிய விஷயம்.

"அனுபவம்" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நாள் போகிறவர் எதையும் பாதுகாத்துவிடப் போவதில்லை, உங்கள் நுழைவுக் கட்டணம்தான் ரேஞ்சர் சம்பளமாகவும் வேலியாகவும் போகிறது, அது போதும். மலை முடித்து ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, அடுத்த நாள் விடியற்காலை கேட் திறந்ததும் உள்ளே போய் சாயங்காலம் வரை இருங்கள். மலைக்கு முன்னால் வைத்தால் மனசெல்லாம் உச்சி மேல் இருக்கும், எதுவும் ஏறாது.

மருந்துக்கடை_மாமா:

தம்பி, யாரும் சொல்லாத ஒன்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி. இங்கிருந்து நேராகப் போனால் கென்யாவில் கேட்க மாட்டார்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், சர்டிபிகேட் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். மலையிறங்கி வந்து அங்கே படுத்திருக்க வேண்டியதுதான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட் வேண்டும், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். முட்டை அலர்ஜி இருப்பவர்கள் முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உயரத்தில் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கப் போடும் டையமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போகும், ராத்திரி அடிக்கடி கூடாரத்தை விட்டு வெளியே ஓட வேண்டியிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறக் கூடாது. தலைவலி இருக்கும்போது இன்னும் மேலே போகாதீர்கள். ஒருவர் நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும். இன்சூரன்ஸில் எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் மீட்பு அதில் இருக்கிறதா என்றும்.

துணிகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள், 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஒரு தடவை குடித்துவிட்டுப் போடும் தண்ணீர் பாட்டிலும் பார்க்குக்குள் கூடாது.

வேளச்சேரி_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்சியிடம் பேசினேன். ஷிப்டன்ஸில் கூடுதல் ராத்திரிக்கு உடனே சரி என்றார்கள், "கேட்டால் தருவோம் சார்" என்று வேறு சொல்கிறார்கள், கேட்காதவர்கள் கதி என்ன என்று தெரியவில்லை. கைடு எண்ணிக்கைக்கு இன்னும் தெளிவாகப் பதில் வரவில்லை, எழுத்தில் வந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன். ஓல் பெஜெட்டா முழு நாள் ஆகிறது, நஜின் ஃபாட்டு கட்டணம் தனி. லீவு இரண்டு நாள் கூடுவதால் ஒருவர் கழன்றுகொள்வார் போலிருக்கிறது.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்புறம் அந்தக் கனமான, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக்கெல்லாம் சென்னையில் வாங்கிவிடவா?

மலைக்கிறுக்கன்:

வாங்காதீர்கள், திரும்பி வந்து வேளச்சேரியில் எந்த மாதம் போடப் போகிறீர்கள்? அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், என்ன சைஸ் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஷூவும் உள்ளே போடும் தெர்மலும் கையுறையும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சப்பாத்தி அந்த ஊர் அன்றாட சாப்பாடு, தொட்டுக்கொள்ள ண்டெங்கு என்று பச்சைப்பயறு குழம்பு, சுக்குமா விக்கி என்று கீரைப் பொரியல், முட்டை தாராளம். மேலே போகப் போகப் பசி குறையும், அதனால் ஊறுகாய் ஒரு சின்ன டப்பா எடுத்துப் போங்கள். கைடுகளுக்கும் கொடுங்கள்.