எக்ஸோம் பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால் வலிப்பு பரம்பரை நோய் இல்லை என்று கொள்ளலாமா?

பொருநைக்கரை:
வணக்கம். என் தந்தையாருக்கு முப்பது வயதைத் தாண்டியபின் விரல்களில் மெல்லிய நடுக்கம் தொடங்கியது. கையை நீட்டும்போதும் காப்பி டம்ளரை எடுக்கும்போதும்தான் அது தெரியும். பின்னர் எப்போதாவது வலிப்பும் வந்தது. அத்தைக்கும் என் அக்காவுக்கும் இதே நிலைதான். அக்காவுக்குச் செய்த எக்ஸோம் பரிசோதனையில் நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்துள்ளது. அப்படியானால் இது குடும்ப வழியில் வந்ததல்ல என்று கொள்ளலாமா? அக்கா மகளுக்கு வரன் பார்த்துவருவதால் கேட்கிறேன்.

இழைநூல்:
அவ்வாறு கொள்ள இயலாது. எக்ஸோம் பரிசோதனை, நம் மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்பு உள்ள ஒன்றிரண்டு விழுக்காட்டுப் பகுதியையே, அதுவும் சிறுசிறு துண்டுகளாகப் படிக்கிறது. டி.என்.ஏ.வின் ஒரே எழுத்துக்கோவை நூற்றுக்கணக்கான முறை அடுத்தடுத்து வரும் இடங்கள் அதில் பிடிபடுவதில்லை.

தாங்கள் சொல்வது, வயதுவந்தபின் தொடங்கும் குடும்பவழி மயோக்ளோனிக் (தசைகள் திடீரெனத் துடிக்கும்) வலிப்பைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இதற்கான இடம் 8-ஆம் குரோமோசோமில் இருப்பதை ஜப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1999-இலேயே கண்டுவிட்டார்கள். ஆனால் காரணம் தெரிய 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்.ஏ.எம்.டி.12 என்ற மரபணுவில், புரதமாக மாறாத இன்ட்ரான் பகுதிக்குள், டி.டி.டி.சி.ஏ என்ற ஐந்தெழுத்துக் கோவை மீண்டும் மீண்டும் வந்து நீண்டு கிடந்தது. எனக்கு இன்றும் வியப்பளிப்பது வேறொன்று: வேறு குரோமோசோம்களில் உள்ள வெவ்வேறு மரபணுக்களுக்குள் இதே கோவை நீண்டிருந்தாலும் இதே நோய்தான் வருகிறது. ஆகவே எந்த மரபணு என்பதைவிட அந்த நீட்சியே நோயின் வேர் எனக் கருதப்படுகிறது.

கடலோரம்:
நம்மவர்க்கு இது அயலான செய்தியன்று. தென்னிந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இந்நோய் இருப்பது 2016-இல் பதிவாயிற்று. 2020-இல் வெளியான ஆய்வு, இந்திய, இலங்கைக் குடும்பங்களில் எஸ்.ஏ.எம்.டி.12 நீட்சி இருப்பதைக் காட்டியதோடு, அது சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றும் கணித்தது. எனவே, இந்த நீட்சியைத் தனியே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையோ, நீண்ட டி.என்.ஏ. இழைகளை ஒரே வீச்சில் படிக்கும் முறையோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. அக்கா மகளுக்கும் இப்போதே பரிசோதித்துவிடலாமா?

நரம்பியல் துணை:
முதலில் அக்காவுக்குச் செய்யுங்கள். அவரிடம் நீட்சி உறுதியானால்தான் மகளின் பரிசோதனை முடிவுக்குப் பொருள் உண்டு. அவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. நோயின் அறிகுறியே இல்லாத பெண்ணைப் பரிசோதிப்பது, மரபியல் ஆலோசனைக்குப் பின் அவரே எடுக்க வேண்டிய முடிவு; வரன் வீட்டாருக்காகச் செய்யத்தக்கதன்று. இந்த நடுக்கத்தைச் சாதாரண நடுக்கமென்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதும் உண்டு என்பதால், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வால்ப்ரோயேட் மாத்திரை இந்நோய்க்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கருவுற வாய்ப்புள்ள பெண்களுக்கு அது ஏற்றதன்று என்பதை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.