மாருதி 800க்குள் மழைத் தண்ணீர்: பீடிங்கா, வைப்பர் ஜாலியா?

கார்புரேட்டர்_காதலன்:
1998 மாடல் 800, மழையில் நின்றால் இடதுபக்க முன் மேட் நனைகிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு ஒரு மேதாவி, "முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்தான், வெளியே சுற்றி சிலிகான் பசை அடி, முடிந்தது" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். வண்டியைப் பார்க்காமலேயே! மேட், கார்ப்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகரத்தை முதலில் காயவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலே. கதவின் அடி, வைப்பர் ஜாலி (வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை), கண்ணாடியின் கீழ் விளிம்பு, கடைசியில்தான் கூரை. எடுத்ததும் கூரையில் ஊற்றினால் எல்லா இடுக்கிலும் வழியும். எதில் ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சிலிகான்_சிவா:
அந்த மேதாவி நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எனக்குத் தெரிந்து மழை மேலிருந்துதான் பெய்கிறது. உங்கள் ஊரில் எப்படியோ. கால் நூற்றாண்டு பழைய ரப்பர், மூலையில் வெடித்திருக்காதா?

கார்புரேட்டர்_காதலன்:
வெடித்திருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். ரப்பருக்கு மேலே சிலிகான் பூசினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, கண்ணாடிச் சட்டத் தகரத்தைத் துருவாக்கித் தின்றுவிடும். வினிகர் வாடை வருகிற சிலிகானாக இருந்தால் இன்னும் மோசம், அதில் வருகிற அமிலமே தகரத்தை அரிக்கும். பீடிங்தான் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் புது ரப்பர் போட வேண்டும். அதற்கு முன்னால் கீழிருந்து மேலே.

ஏசி_தாஸ்:
இடதுபக்கம் என்றாலே ஏசித் தண்ணீர் வெளியேறுகிற ட்ரெயின் குழாய் அடைப்பு. இதற்குப் போய் ஹோஸ் எதற்கு, டார்ச் எதற்கு?

கார்புரேட்டர்_காதலன்:
தாஸ், ஏசி ஓடினால்தான் ஏசித் தண்ணீர் வரும். மழையில் சும்மா நின்ற வண்டி என்று முதல் வரியிலேயே இருக்கிறது. படிக்காமல் பதில் போடுவது உங்களுக்கு வழக்கம்தானே.

அம்பாசடர்_ஐயா:
எங்கள் அம்பாசடரில் மழைக்கு மேலேயும் ஒழுகும், கீழேயும் ஒழுகும். யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை, துண்டைப் போட்டுத் துடைத்துவிட்டு ஓட்டினோம். அது வண்டி. 800 எல்லாம் தகர டப்பா.

சிலிகான்_சிவா:
ஐயா, தகர டப்பா என்று சொல்ல வேண்டாம். இரண்டு வண்டியின் தயாரிப்பும் 2014இல்தான் நின்றது. ஒழுகுவதில் என்ன பெருமை?

அம்பாசடர்_ஐயா:
பெருமைதான். கதவைச் சாத்தினால் ஊருக்கே கேட்கும்.

800_புதியவன்:
வண்டி என்னுடையதுதான் சார். வைப்பர் ஜாலிக்குள் கைவிட்டுப் பார்த்தேன், வேப்பிலைச் சருகு மக்கிப்போய் அடைத்துக் கிடக்கிறது. இதனால் இருக்குமா?

ஏசி_தாஸ்:
ஏசியைக் கழற்றிப் பாருங்கள் தம்பி.

800_புதியவன்:
என் வண்டியில் ஏசியே கிடையாது சார்.

சிலிகான்_சிவா:
எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். மேலிருந்து பெய்கிற மழைக்குக் கீழிருந்து எதற்குச் சோதனை? பதிலே வரவில்லை.

கார்புரேட்டர்_காதலன்:
மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். கீழே ஊற்றும்போதே உள்ளே சொட்டினால் மேலே போகவே வேண்டாம், இடம் அகப்பட்டுவிட்டது. மேலே ஊற்றிச் சொட்டினால் கூரையா, கண்ணாடியா, ஜாலியா என்று தெரியாது. ஜாலிக்குள் விழுகிற தண்ணீர் இரண்டு ஓரத்திலும் வடிந்து வெளியே போக வேண்டும். சருகு அடைத்தால் அங்கேயே தேங்கி, காற்று வருகிற துவாரம் வழியாகக் காலடிக்குள் இறங்கும். சருகை அள்ளிவிட்டு, டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் வடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் செய்து படம் போட்டவன். சும்மா பேசுகிறவன் இல்லை.

சிலிகான்_சிவா:
டயர் காற்று விவாதத்திலும் இப்படித்தான் படம் போட்டீர்கள். காற்றழுத்த மானியில் முள்ளே தெரியவில்லை.

கார்புரேட்டர்_காதலன்:
முள் தெரிந்தது. உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், வண்டிக்கு இல்லை.

ஏசி_தாஸ்:
டயருக்குக் காற்றே போதும், நைட்ரஜன் வீண் செலவு என்று அன்றைக்கே சொன்னேன்.

சிலிகான்_சிவா:
நைட்ரஜனை யார் கேட்டது? முள் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அம்பாசடர்_ஐயா:
எங்கள் காலத்தில் டயரை உதைத்துப் பார்த்தே சொல்வோம்.